நூற்றுக்கு இரண்டரை: மாமல்லபுரம் கடற்கரையில் சேமிப்பின் கணக்கு

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் வட்டி என்று பேச்செடுத்தால் அது மாத வட்டிதான். ‘நூத்துக்கு ரெண்டு’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. ‘ரெண்டரை வட்டி’ என்றால் 30 விழுக்காடு. பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூன் 15 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தருவதும் அதே இரண்டரைதான், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு. வட்டிக்கு விடுபவர் ஒரே மாதத்தில் வாங்கிவிடுவதை வங்கி ஓராண்டு முழுக்கப் பணத்தை வைத்திருந்து தருகிறது. பணவீக்கத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கு 4 விழுக்காடு. அந்த இலக்கு அப்படியே நிறைவேறும் ஆண்டில்கூட, இரண்டரை விழுக்காட்டில் கிடக்கும் நூறு ரூபாய் ஒன்றரை ரூபாய் மதிப்பை இழந்துவிடும்.

ஆகவே நல்ல வட்டி தரும் சேமிப்புக் கணக்கு எது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் வங்கிப் பெயர்களும் விழுக்காடுகளும் அடங்கிய ஒரு பட்டியல். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு அந்தப் பட்டியல் ஓரளவு போதும். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையான கடற்கரையில் வாழ்பவர்களின் வருமானம் வேறு விதமானது. கொக்கிலமேட்டு மீனவருக்குக் காலையில் காசு வரும், மாலைக்குள் பாதி கரைந்துவிடும். மாமல்லபுரத்துச் சிற்பிக்கு முன்பணமாக ஒரு பெருந்தொகை வரும். பிறகு சிலை முடியும் வரை ஒன்றும் வராது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஓய்வுபெற்றவருக்கு மாதக் கடைசியில் ஓய்வூதியம் விழும். ஒரே வங்கி, ஒரே வட்டி விகிதம் என்றாலும் மூவர் கையிலும் சேரும் வட்டி ஒன்றாக இருக்காது. பணம் எந்தத் தேதியில் வருகிறது, எத்தனை நாள் தங்குகிறது, யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்காமல் வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

பழைய செங்கல்பட்டின் இரண்டு சங்கங்கள்

சேமிப்பவருக்கு நியாயமான வட்டி, கடன் வாங்குபவருக்கு நியாயமான வட்டி, இரண்டையும் ஒன்றாகத் தர முடியுமா என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை தேடிய முதல் இடங்களில் பழைய செங்கல்பட்டு மாவட்டமும் ஒன்று. சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை வேளாண் கடன் பற்றி ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமங்களில் நிறுவிய கடன் சங்கங்களை அவர் விரிவாக எழுதினார். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சேமிக்கிறார்கள். அந்தப் பணத்தை ஒருவருக்கொருவர் கடனாகக் கொடுத்துக்கொள்கிறார்கள். வட்டி ஊருக்குள்ளேயே தங்குகிறது. கடன் வாங்கியவர் எப்படிப்பட்டவர் என்பது சேமித்தவருக்குத் தெரியும். இங்கும் ஒரு ரைஃபைசன் தேவை என்பதே நிக்கல்சன் கண்ட முடிவின் சாரம்.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் பதிவாயின. நாட்டின் முதல் கிராமக் கடன் சங்கம், முதல் நகரக் கடன் சங்கம் என்று இவற்றைக் குறிப்பிடுவது வழக்கம். இரண்டு ஊர்களும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது; இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவானது. இதே நிக்கல்சன்தான் 1907-ல் சென்னை மாகாண மீன்வளத் துறையின் தொடக்கத்துக்கும் பொறுப்பாக இருந்தார். இக்கடற்கரையின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் சேமிப்புத் திட்டத்தைப் பார்க்கும்போது அவருடைய இரண்டு அக்கறைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருப்பது தெரியும். அதைப் பிறகு பார்ப்போம்.

அதிக வட்டிக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் பத்தாண்டே காட்டிவிட்டது. சென்னையில் பெரும்பேர் பெற்றிருந்த அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் மூழ்கியது. அரசு அதிகாரிகள், வக்கீல்கள், விதவைகள் எனப் பலருடைய வைப்புத்தொகை அதோடு போயிற்று. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த வீழ்ச்சியின் சூட்டில், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால், 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

வட்டியை யார் முடிவு செய்கிறார்கள்?

பல பத்தாண்டுகளாகச் சேமிப்புக் கணக்கின் வட்டியை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயித்தது. எந்த வங்கிக்குப் போனாலும் ஒரே வட்டி. தேட வேண்டிய வேலையே இல்லை. 2003 மார்ச் முதல் 3.5 விழுக்காடு, 2011 மே முதல் 4 விழுக்காடு. 2011 அக்டோபர் 25 அன்று அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஒரு லட்சம் ரூபாய் வரையான இருப்புக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வட்டி தர வேண்டும், அதற்கு மேல் தொகைக்குத் தகுந்தபடி வட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பதே புதிய விதி. உடனே சில தனியார் வங்கிகள் 6 விழுக்காடு வரை ஏறின. பெரிய வங்கிகள் அசையவில்லை. கிளைகளும் சம்பளக் கணக்குகளும் அவர்களிடம் இருந்தன. வட்டி குறைந்தாலும் மக்கள் கணக்கை மாற்றமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் நினைத்தது சரியாகவே இருந்தது. ஸ்டேட் வங்கி 2017 ஜூலை இறுதியில் 3.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2020-ல் 2.7 ஆயிற்று. 2025-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியைக் குறைத்ததும் 2.5-க்கு வந்தது, பெரிய தனியார் வங்கிகளும் அதே அளவுக்கு இறங்கின. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு மட்டும் 2011 டிசம்பர் முதல் 4 விழுக்காட்டிலேயே நிற்கிறது. அதை முடிவு செய்வது ஒன்றிய அரசின் நிதி அமைச்சகம். அதில் சந்தைக்குப் பங்கில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து கைரேகை வாங்கித் திறந்து தருவது பெரும்பாலும் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு. 2018-ல் தொடங்கிய அது தனி வங்கி. கடன் கொடுக்க அதற்கு அனுமதி இல்லாததால் வட்டி 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 4 விழுக்காடு கிடைப்பது, அதே அஞ்சலகத்தில் குறைந்தது 500 ரூபாய் இருப்போடு தொடங்கும் பழைய சேமிப்புக் கணக்குக்குத்தான். ‘போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கேன்’ என்று சொல்பவரிடம் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பத்தாம் தேதி என்ற வாசற்படி

நான்கு பெரியதா, இரண்டரை பெரியதா? இருப்பு எப்போதும் அசையாமல் இருந்தால் நான்குதான். அசைந்தால் விடை மாறும். காரணம், அஞ்சலகத்தில் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்கும் மாத இறுதிக்கும் இடையே கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. வங்கிகளிலும் ஒரு காலத்தில் இதே முறைதான் இருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அவை அன்றன்றைய இருப்புக்கு வட்டி கணக்கிடத் தொடங்கின.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தை எண்ணிக்கொள்வோம். கோயில் ஒன்றிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் ஜூன் 12 அன்று வருகிறது. அதுவரை கணக்கில் 5,000 ரூபாய். ஜூலை 5 அன்று கல் வாங்கவும் ஆள் கூலிக்கும் இரண்டு லட்சமும் வெளியே போகிறது. பணம் 23 நாள் தங்கியிருக்கிறது. வங்கியில் இரண்டரை விழுக்காட்டில் அதற்கு 315 ரூபாய் வட்டி. அஞ்சலகத்தில் நான்கு விழுக்காடு. ஆனால் ஜூனில் 10-ஆம் தேதி இருந்தது 5,000 மட்டும், ஜூலையில் 10-ஆம் தேதிக்கு முன்பே பணம் போய்விட்டது. இரண்டு லட்சத்துக்குக் கிடைப்பது பூஜ்யம்.

அதே பணம் ஜூன் 9 அன்று வந்து ஜூலை 1 அன்று போனால் கதை தலைகீழ். தங்கியது 22 நாள்தான், ஆனாலும் அஞ்சலகம் முழு மாத வட்டியாக 667 ரூபாய் தரும். வங்கியில் 301 ரூபாய். தங்கிய நாள் ஒன்று குறைந்திருக்கிறது, வட்டியோ பூஜ்யத்திலிருந்து அறுநூற்றுச் சொச்சத்துக்கு ஏறியிருக்கிறது. பட்டியலில் அச்சிட்டிருக்கும் விழுக்காடு இதில் எதையும் சொல்லாது. முன்பணத்தின் தேதியைச் சிற்பி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது என்பதால், வந்து போகும் பணத்துக்கு வங்கிக் கணக்கும், அதில் மிஞ்சி மாதக்கணக்கில் நிற்பதற்கு அஞ்சலகமும் பொருத்தம்.

ஓய்வூதியக்காரரின் கணக்கு இதைவிட எளிது. எப்போதும் மூன்று லட்சம் ரூபாய் அசையாமல் இருக்கிறது என்றால் இரண்டரை விழுக்காட்டில் ஆண்டுக்கு 7,500 ரூபாய்; அஞ்சலகத்தில் 12,000. கணக்கை மாற்றினால் 4,500 ரூபாய் கூடுதல். ஆனால் அசையாத பணம் சேமிப்புக் கணக்கில் ஏன் இருக்க வேண்டும்? 2025-ல் அஞ்சலகத்தின் ஓராண்டுக் கால வைப்புக்கு 6.9 விழுக்காடு; மூன்று லட்சத்துக்கு 20,700 ரூபாய்க்குக் குறையாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 விழுக்காடு என்பதால் 24,600. நல்ல சேமிப்புக் கணக்கைத் தேடி அலைந்து கிடைக்கும் ஆதாயம் 4,500. சேமிப்புக் கணக்கை விட்டு வெளியே வந்தால் கிடைப்பது 13,000-க்கு மேல். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஓராண்டு வைப்பை முதல் ஆறு மாதத்துக்குத் தொட முடியாது. அதன்பின் ஆண்டு முடிவதற்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான். ஆகவே மருத்துவச் செலவு, வீட்டுச் செலவு என மூன்று நான்கு மாதத்துக்கானதைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு மற்றதை நகர்த்துவதே முறை.

சிறு இருப்புக்கு இந்த அலைச்சலே வேண்டாம். சராசரி 8,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு இரண்டரைக்கும் நான்குக்கும் இடையே ஆண்டுக்கு 120 ரூபாய்தான் வித்தியாசம். அவர் கவனிக்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு விதியை. ஒரு முறை அபராதம் பிடித்தால் ஓராண்டு வட்டியும் அதில் போய்விடக்கூடும். ஸ்டேட் வங்கி 2020-லேயே அந்த விதியைக் கைவிட்டது. 2025-ல் கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவையும் கைவிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, பெருநகரங்களில் புதிதாகக் கணக்கு தொடங்குபவர்கள் 50,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் 15,000 ஆக்கியது.

கடலில் போகிறவரின் சேமிப்பு

மீனவரின் மாதத்தைப் பார்ப்போம். கையில் 1,000 ரூபாயோடு மாதம் பிறக்கிறது. மீன்பாடு நன்றாக இருந்து நாளுக்கு 300 ரூபாய் வீதம் மீத்துப் போட்டால் 28-ஆம் தேதி 9,400 சேரும். மறுநாள் வலை வாங்க 8,500 எடுக்கிறார். அஞ்சலகத்தில் அந்த மாதம் முழுவதற்கும் மீதியிருந்த சொற்பத் தொகைக்குத்தான் வட்டி. ஏறக்குறைய மூன்று ரூபாய். வங்கியில் சராசரி இருப்பு ஐயாயிரம் என்று கொண்டாலும் பத்து ரூபாய். இரண்டுமே அவருடைய வாழ்க்கையை மாற்றப்போவதில்லை.

அவருக்கு உண்மையிலேயே நல்ல வட்டி கிடைக்கும் இடம் இரண்டு. முதலாவது, மீனவர் கூட்டுறவுச் சங்கம் வழியாக நடக்கும் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். மீனவர் எட்டு மாதம் 175 ரூபாய் வீதமும் ஒன்பதாம் மாதம் 100 ரூபாயும் கட்டுகிறார், மொத்தம் 1,500. ஒன்றிய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்க்கின்றன. மீன் குறைந்த காலத்தில் மாதம் 1,500 வீதம் மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் உண்டு. அவர்களுக்கான அரசுப் பங்கு 3,000 ரூபாயையும் மாநில அரசே போடுகிறது. கட்டியது மும்மடங்காகும் சேமிப்பு எளிதில் கிடைப்பதல்ல. தொகை சிறியது, உச்சவரம்பு உண்டு, சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் கிடைக்கும். ஆனால் அதன் அமைப்பு மீனவரின் ஆண்டை அறிந்து செய்யப்பட்டது: பாடு உள்ள மாதங்களில் வாங்கி, இல்லாத மாதங்களில் கொடுக்கிறது.

இரண்டாவது, கடனை அடைப்பது. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும். காகிதத்தில் அந்தப் பணத்துக்கு வட்டி இருக்காது. ஏலத்தில் கிடைக்கக்கூடிய விலையை விடக் குறைத்து எடுத்துக்கொள்வதில்தான் வட்டி ஒளிந்திருக்கிறது. வெளிப்படையாக இரண்டு வட்டிக்கு வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12,000 போகும். அதே வீட்டில், அவசரத்துக்கு என்று, வங்கியில் 50,000 இருந்தால் வருவது 1,250. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் குடும்பம் ஆண்டுக்கு 10,750 ரூபாயை இழக்கிறது. கடன் உள்ளவருக்கு மிக உயர்ந்த வட்டி தரும் ‘சேமிப்புக் கணக்கு’ அந்தக் கடன்தான்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதே கணக்கைக் கூட்டாகப் போடுகின்றன. உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து ஒருவருக்குக் கடன் போகிறது; அவர் கட்டும் வட்டி குழுவின் கையிருப்பில் சேர்கிறது. திரூரில் 1904-ல் முயன்றது ஏறக்குறைய இதைத்தான்.

அதிக வட்டிக்குப் பின்னால்

சிறு நிதி வங்கிகள் சேமிப்புக் கணக்குக்குப் பெரிய வங்கிகளை விடக் கூடுதலாகத் தருகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈக்விடாஸ் 2016-ல் இவ்வகை வங்கியாயிற்று. சிறு வியாபாரிகளுக்கும் வாகன உரிமையாளர்களுக்கும் கூடுதல் வட்டியில் கடன் கொடுப்பதால், வைப்புதாரருக்கும் கூடுதலாகத் தந்து பணம் திரட்ட முடிகிறது. ஆனால் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் எண் பெரும்பாலும் மேல்படிக்குரியது. ஒரு வங்கி ஒரு லட்சம் வரை 3 விழுக்காடும் அதற்கு மேல் 5 விழுக்காடும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லட்சம் போட்டவருக்கு முதல் லட்சத்துக்கு 3,000, மீதி ஐம்பதாயிரத்துக்கு 2,500, மொத்தம் 5,500. உண்மையான வட்டி 3.67 விழுக்காடு. அசையாத பணத்துக்கு அஞ்சலகத்தின் நான்கு அதைவிட மேல்.

வங்கி மூழ்கினால் என்ன என்பதற்கு விடை 1962-ல் வந்தது. கேரளத்தின் பாலை மத்திய வங்கி 1960-ல் விழுந்ததை அடுத்து வைப்புத்தொகைக் காப்பீடு தொடங்கியது; அன்று வரம்பு 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆயிற்று. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை. சிறு நிதி வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் இதில் அடக்கம். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், நிதி நிறுவனங்கள், ஏலச்சீட்டு, நகைக்கடைச் சீட்டு இவற்றில் எதுவும் அடக்கமில்லை. அஞ்சலகத்துக்கு அரசே பொறுப்பு, உச்சவரம்பு கிடையாது.

இந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களின் கதை அண்மைக் காலத்திலும் தொடர்ந்தது. லட்சம் ரூபாய்க்கு மாதம் முப்பதாயிரம் வரை தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மோசடி 2022-ல் வெளிவந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை சொன்னது. 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் தலைமை நிர்வாகியே 2024 ஆகஸ்டில் வைப்புதாரர் புகார்களின் பேரில் கைதானார். ஆருத்ரா புதியது, மயிலாப்பூர் நிதி நூற்றைம்பது ஆண்டு பழையது. நிறுவனத்தின் வயதும் காப்பீடு ஆகாது.

யாருடைய நாட்காட்டி?

இக்கடற்கரைக் குடும்பம் ஒன்று செய்யக்கூடியது சிக்கலானதல்ல. கூடுதல் வட்டிக் கடன் இருந்தால் முதலில் அது. மீனவர் என்றால் சங்கத்தின் 1,500. அன்றாடம் போட்டு எடுக்கும் பணம், குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஒரு வங்கியில். மாதக்கணக்கில் நிற்பது அஞ்சலகச் சேமிப்பில், 10-ஆம் தேதிக்கு முன் போட்டு, மாதம் முடிந்தபின் எடுக்கும் பழக்கத்தோடு. ஓராண்டுக்குத் தேவைப்படாதது கால வைப்பில். ஐந்து லட்சத்தைத் தாண்டினால் வேறொரு வங்கிக்கும் பிரித்து வைப்பது.

குடும்பம் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. பத்தாம் தேதி விதி, மாதம் பிறந்ததும் சம்பளம் வாங்கி ஒரு பகுதியைத் தொடாமல் வைக்கும் மனிதரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பேரேட்டில் கையால் எழுதி வட்டி கணக்கிட்ட காலத்தில் அதற்கு ஒரு வசதி இருந்தது. இன்று அஞ்சலகங்கள் கணினி வலைப்பின்னலில் இணைந்துவிட்டன; அன்றன்றைய இருப்பு அங்கே பதிவாகிறது. வங்கிகள் பதினைந்து ஆண்டுக்கு முன்பே மாறிவிட்டன. நாட்டின் ஏழைகளுக்கான சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளும் கணக்கில், தினமும் சம்பாதித்துத் தினமும் செலவழிக்கும் ஏழைக்குத்தான் அறிவிக்கப்பட்ட வட்டி கிடைப்பதில்லை. வட்டி விகிதத்தை அரைப் புள்ளி உயர்த்துவதைவிட, நான்கு விழுக்காட்டை அன்றாட இருப்புக்குக் கணக்கிடச் செய்வதுதான் கொக்கிலமேட்டு மீனவருக்கும் மாமல்லபுரத்துச் சிற்பிக்கும் பயன் தரும். நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கையில் செய்துவிடக்கூடிய திருத்தம் அது.